கேமரா என்ன மாடல் என்பதைவிட எத்தனை என்று கேளுங்கள்

கேள்வி: தை மாதம் என் தங்கைக்குக் கல்யாணம். ஊர் மண்டபத்தில் அதிகாலை முகூர்த்தம். இரண்டு போட்டோகிராபர்களிடம் பேசியிருக்கிறோம். ஒருவரிடம் புது சோனி மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத புது வகை) கேமரா, ட்ரோன் எல்லாம் இருக்கிறது. ஒன்றரை லட்சம் கேட்கிறார். இன்னொருவர் பதினைந்து வருடமாக எங்கள் பக்கத்தில் கல்யாணம் எடுப்பவர். பழைய கேனான் 5டி மார்க் 3 வைத்திருக்கிறார், தொண்ணூறாயிரம். கேமரா பழசு என்று வீட்டில் தயங்குகிறார்கள். யாரைப் பேசி முடிக்கலாம்?

பதில்: அந்தப் பழைய கேமராவிலிருந்தே தொடங்குகிறேன். 5டி மார்க் 3 வந்தது 2012-இல், 22 மெகாபிக்சல். ஆல்பத்தில் 12-க்கு 18 அங்குலப் பக்கம் ஒன்றை ஒரே படத்தால் நிரப்ப ஏறக்குறைய 19 மெகாபிக்சல் போதும். அதனால் அச்சில் குறை தெரிந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம்.

இப்போது தாலி கட்டும் நேரத்துக்கு வருவோம். கெட்டி மேளம் ஒலித்ததும் மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போடுவார். பல வீடுகளில் மற்ற இரண்டும் நாத்தனார் முடிச்சு. எல்லாம் சில விநாடிகள்தான். அதற்குள் அட்சதை விழும், முன்வரிசை எழுந்துகொள்ளும், செல்போன் பிடித்த கைகள் உயரும். அனுபவப்பட்டவர் இதற்கு முன்பே இடம் பிடித்திருப்பார். தாலித் தட்டு ஆசி வாங்க சபையைச் சுற்றிவிட்டு மேடைக்குத் திரும்புகிறதே, அதுதான் அவருக்கு அடையாளம். தட்டைப் பார்த்ததும் பெண்ணுக்கு எதிரே, சற்றே பக்கவாட்டில், முழங்காலிட்டு உட்கார்ந்துவிடுவார். குனிந்திருக்கும் பெண்ணை நின்றபடி எடுத்தால் தலையில் வைத்த பூதான் விழும். கீழே இருந்து எடுத்தால் கண் கிடைக்கும், அதில் தளும்புகிற நீரும் கிடைக்கும். இதை எந்த கேமராவும் சொல்லித் தராது.

வெளிச்சமும் அப்படித்தான். வெள்ளை வேட்டியும் பக்கத்தில் ஹோமத் தீயும் இருந்தால், வெளிச்சம் அதிகம் என்று எண்ணி கேமரா தானாகவே படத்தை இருட்டாக்கும். மாநிறமான முகம் கறுத்துப்போகும். கைதேர்ந்தவர் கேமராவில் வெளிச்ச அளவை முன்பே கூட்டி வைத்திருப்பார். மேலே ரோஸ் நிறத்தில் பந்தல் துணி கட்டியிருந்தால் ஃபிளாஷை அதில் அடித்துத் திருப்பமாட்டார், முகமெல்லாம் ரோஸாகிவிடும். இதையெல்லாம் பிறகு கம்ப்யூட்டரில் சரிசெய்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தச் 'சரிசெய்தல்' பெரும்பாலும் பெண்ணின் தோலை வெளுப்பாக்குவதில்தான் முடிகிறது. எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. உங்கள் தங்கை அவருடைய நிறத்திலேயே ஆல்பத்தில் இருக்க வேண்டும்.

சரி, கருவிக்கு மதிப்பே இல்லையா? இருக்கிறது. புது மிரர்லெஸ் கேமராக்கள் கண்ணைத் தேடிப் பிடித்து ஃபோகஸ் செய்யும். கூட்டத்தில் அது பெரிய உதவி. ஆனால் சத்தமில்லாத ஷட்டரில் எடுத்தால், சில எல்இடி விளக்குகளின் கீழ் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டரை 1/50 அல்லது 1/100 விநாடியில் வைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். இது தெரியாதவர் கையில் புது கேமராவும் காலை வாரிவிடும். கேமரா பாடியைவிட லென்ஸைக் கேளுங்கள். எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகத் திறக்கும்; எஃப் 2.8 லென்ஸ், எஃப் 5.6-ஐவிட நான்கு மடங்கு வெளிச்சம் வாங்கும். விடிவதற்கு முந்தைய முகூர்த்தத்தில் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

கருவி விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்காத ஒன்று, மாற்று ஏற்பாடு. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரே ஒரு மெமரி கார்டு போடும் கேமராவை வைத்து நலங்கு எடுத்தேன். கார்டு பழுதானது, நாற்பது நிமிடப் படங்கள் போய்விட்டன. பெண்ணின் பாட்டி மஞ்சள் பூசிய படம் அதில் இருந்தது. அடுத்த வருடம் அந்தப் பாட்டி காலமானபோது அவர்கள் வீட்டிலிருந்து அந்தப் படத்தைக் கேட்டு போன் வந்தது. அன்று பதில் சொல்ல முடியாமல் நின்றது இன்னும் மனதில் இருக்கிறது. அதன் பிறகு இரண்டு கேமரா, ஒவ்வொன்றிலும் இரண்டு கார்டு இல்லாமல் நான் மண்டபத்துக்குள் நுழைவதில்லை. 5டி மார்க் 3-இல் இரண்டு கார்டு போடலாம். ஆனால் அவரிடம் இன்னொரு கேமராவும் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அன்றைக்கு ஒன்றை வாடகைக்கு எடுத்துவரச் சொல்லுங்கள், அந்தச் செலவை நீங்களே கொடுத்தாலும் பரவாயில்லை.

இருவரிடமும் இன்ஸ்டாகிராமில் போட்ட பத்துப் படங்களைப் பார்க்க வேண்டாம். ஒரே கல்யாணத்தின் முழு ஆல்பத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், அதுவும் அதிகாலை முகூர்த்தமாக இருந்தால் நல்லது. தாலி கட்டும் பக்கத்தில் பெண்ணின் முகம் தெரிகிறதா? பந்தியில் உட்கார்ந்த பெரியவர்கள் இருக்கிறார்களா? அப்புறம், பேச வந்தவரேதான் அன்று எடுக்க வருவாரா, வேறு பையனை அனுப்புவாரா என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பெரிய செட்டப் வைத்திருப்பவர்களிடம் இதை அவசியம் கேட்க வேண்டும்.

நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால், இன்னொரு கேமராவும் முழு ஆல்பமும் காட்டினால் நான் அந்தப் பதினைந்து வருடக்காரரைத்தான் பேசுவேன். ஆல்பத்தில் முகங்கள் இருட்டாக இருந்தால், விலையைப் பார்க்காமல் மற்றவருக்குப் போங்கள். ட்ரோனை வேண்டாம் என்று சொன்னால் அவரும் கொஞ்சம் குறைப்பார். யாராக இருந்தாலும், முந்தின நாள் சாயங்காலமே மண்டபத்துக்கு வரச் சொல்லி, நாத்தனார் யார், தாத்தா எங்கே உட்காருவார் என்று காட்டிவிடுங்கள்.