ஏசியை 18இல் விட்டுப் படுத்தால் இதயத்துக்கு நல்லதா?

கேள்வி: வயது 52, வெள்ளவத்தையில் இருக்கிறேன். ஐந்து வருடமாகப் பிரஷர் குளிசை எடுக்கிறேன். உடம்பில் பழுப்புக் கொழுப்பு இருந்தால் மாரடைப்பு வராதாம், அது குளிரில்தான் வேலை செய்யுமாம் என்கிறான் மகன். கொழும்பு வெக்கையில் எனக்கு அது இருக்காதா? ஏசியை 18இல் விட்டுப் படுக்கவா, ஐஸ் தண்ணீரில் குளிக்கவா?

பதில்: ஐஸ் தண்ணீர் வேண்டாம். திடீர்க் குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கும், பிரஷர் எகிறும். இதயக் குழாயில் தெரியாமல் ஓர் அடைப்பு இருந்தால் ஆபத்துக்கு அதுவே போதும்.

மகன் சொன்னதில் பாதி சரி. வயிற்றில் சேர்கிற வெள்ளைக் கொழுப்பு சக்தியைச் சேமித்து வைக்கும். பழுப்புக் கொழுப்போ சீனியையும் கொழுப்பையும் எரித்து உடம்பைச் சூடாக்கும். கழுத்தடியிலும் முள்ளந்தண்டை ஒட்டியும் கொஞ்சம்தான் இருக்கும். பச்சைப் பிள்ளைகளுக்கே உரியது என்று நெடுங்காலம் நினைத்திருந்தோம். பெரியவர்களிடமும் வேலை செய்கிறது என்று 2009இல்தான் உறுதியானது. 2021இல் நியூயோர்க்கில் 52,000க்கு மேற்பட்டவர்களின் ஸ்கேன்களைப் பார்த்தபோது பத்தில் ஒருவரிடமே அது தெரிந்தது. அவர்களுக்குச் சீனி வருத்தமும் இதயக் குழாய் நோயும் குறைவு. ஆனால் அந்தக் கொழுப்பு இருந்ததால் சுகமாக இருந்தார்களா, சுகமாக இருந்ததால் அது மிஞ்சியதா? அந்தக் கணக்கில் அதற்குப் பதில் இல்லை.

வெக்கை பற்றிய உங்கள் சந்தேகம் நியாயமானதுதான். 2014இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 5 இளைஞர்கள் ஒரு மாதம் இரவெல்லாம் 19 பாகையில் படுத்தார்கள். பழுப்புக் கொழுப்பு ஏறத்தாழ 40 வீதம் கூடியது. பிறகு அறையை 24க்கும் 27க்கும் ஏற்றியதும் வந்தது போய்விட்டது. 27 என்றால் கொழும்பின் சராசரியே அதுதானே! கூடிய மாதத்திலும் அவர்களுக்கு உடம்பு மெலியவில்லை. குளிரில் படுத்தவருக்கு மாரடைப்பு குறைந்தது என்று இதுவரை யாரும் காட்டவில்லை. கரண்ட் பில்லைப் பார்த்து ஏறுகிற பிரஷரை எந்தக் கொழுப்பும் எரிக்காது.

எனக்குக் கவலை வேறொன்றில். 2007இல் வந்த ஒரு பன்னாட்டு ஆய்வில், தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53; மற்றவர்களுக்கு 59. உங்களுக்கு இப்போது 52. ஆகவே இந்தக் கிழமையே தொப்புள் மட்டத்தில் இடுப்பை அளந்து பாருங்கள். எங்கள் ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரைத் தாண்டக்கூடாது. எல்டிஎல் என்கிற கெட்ட கொலஸ்ட்ரோலும் சீனியும் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பிரஷர் குளிசை எடுத்தும் பிரஷரின் மேல் எண் 140ஐத் தாண்டி நின்றால் குளிசையின் அளவை மாற்ற வேண்டும். நீங்களாக மாற்றாதீர்கள், வைத்தியரைக் கேளுங்கள்.

வெயில் தாழ்ந்ததும் மரைன் டிரைவில் அரை மணித்தியாலம் வேகமாக நடவுங்கள். வரும் வழியில் ரோல்ஸ் கடையைப் பார்க்காமல் வரப் பழகுவதுதான் கடினம். நடக்கும்போது நெஞ்சு இறுகினாலோ, கையோ தாடையோ உளைந்தாலோ வாய்வு என்று சோடா குடித்துக்கொண்டிருக்க வேண்டாம். உடனே 1990ஐ அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

ஏசி 26இல் இருக்கட்டும்.