நாடகம் பாக்கப் போனதா, கும்பிடப் போனதா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணனுக்கு,

கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா சனி ஞாயிறு பத்தி நீங்க எழுதுனத வாசிச்சேன். சனிக்கிழமை சாயங்காலம் நாகர்கோவில்ல காலேஜ் பிள்ளைங்க நாடகம், அப்புறம் கூட்டாளியோட விடிய விடிய பேச்சு, ஞாயிறு காலையில கோட்டாறு பூசை, தேரு, ராத்திரி கடற்கரை ஊர்ல மறுபடி நாடகம். நான் குளச்சல் பக்கம், இப்ப ஓசூர்ல வேலை. கேக்கணும்னு தோணுச்சு, இவ்வளவு ஓட்டத்துல சாமிய எப்ப நினைச்சீங்க? எங்க ஊர்ல நாடகம் விடிய விடிய நடந்தா காலைப் பூசைக்கு ஆள் வராதுன்னு திருவிழாக் கமிட்டியில நிறுத்திட்டாங்க, இப்ப ரெண்டு மணி நேரம் பாட்டுக் கச்சேரிதான். அது சரின்னுதான் எனக்குப் படுது. தப்பா எடுக்காதீங்க.

தம்பி,

தப்பா எடுக்க ஒண்ணும் இல்ல மக்களே. ஓட்டம்னு எழுதியிருக்க, ஆனா நாடகம் நடந்த ஹாலு, கூட்டாளி வீடு, கோட்டாறு கோயிலு எல்லாம் நடந்து போற தூரந்தான், ஞாயித்துக்கிழமை ராத்திரிக்கு மட்டுந்தான் பஸ் ஏறினேன். அத விடு.

சனிக்கிழமை நடந்தத நான் முழுசா எழுதல. இப்ப அந்தக் கூட்டாளிட்ட கேட்டு, எழுதுன்னு அவன் சொன்ன பிறகுதான் எழுதுகேன்.

அந்தப் பிள்ளைங்க போட்டது ஒக்கி புயல் கதை. 2017 நவம்பர் 30, கோட்டாறு திருவிழா நடந்துட்டு இருந்த நேரம், உனக்கும் ஞாபகம் இருக்கும், மரமெல்லாம் விழுந்து கரண்ட் இல்லாம மாவட்டமே இருட்டுல கெடந்துது, ஆழ்கடலுக்குப் போன நம்ம ஆளுங்க எத்தனையோ பேர் திரும்பி வரல. மேடையில ஒரு வலை, ஒரு அடுப்பு, ஒரு சட்டி, அம்மையா நடிச்ச ஒரு பிள்ளை, வேற ஒண்ணும் இல்ல. மைக்கும் இல்ல. அந்தப் பிள்ளை அழவே இல்ல தம்பி. மகன் வருவான்னு சோறு பொங்கி மூடி வைக்கா, வாசல்ல போய் நிக்கா, காலையில அந்தச் சோத்த எடுத்துக் கோழிக்குப் போட்டுட்டு மறுபடியும் அரிசி கழுவுதா, அரை மணி நேரம் இதுவேதான், ஹால்ல ஒரு இருமல் சத்தம்கூட கேக்கல.

எனக்குப் பக்கத்துல இருந்த கூட்டாளிக்க தம்பி அந்தப் புயல்ல போனவன். உடல் கெடைக்கல. நாடகம் முடிஞ்சு எல்லாரும் கை தட்டுனாங்க, இவன் தட்டவும் இல்ல, எழும்பவும் இல்ல. பைய வெளிய கூட்டிட்டு வந்து ஒரு கடையில கட்டஞ்சாயாவும் ரசவடையும் வாங்கிக் குடுத்தேன், வடைய கையிலயே வச்சிருந்தான். வீட்டு மொட்டமாடிக்குப் போன பிறகுதான் வாய் திறந்தான். "எனக்க அம்மையும் இப்பிடித்தாண்டே பண்ணிச்சு, ஒருநாள் நான் சத்தம் போட்டு சட்டிய பிடுங்கிட்டேன், அதுக்குப் பிறகு அம்மை அவன் பேரையே எடுக்கல, அப்பிடியே போய்ச் சேந்துது"ன்னான். ஆறு வருசமா எங்க யார்ட்டயும் சொல்லாத விஷயம். நான் பதிலுக்கு ஒண்ணும் சொல்லல, என்னத்தச் சொல்ல, கூட இருந்தேன், மூணு மணி வரைக்கும் அவன்தான் பேசுனான்.

காலையில அவனே எழும்பி வேட்டி உடுத்திட்டு வந்து வா போவோம்னான். கோட்டாறுல கூட்டம் எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியும், எல்லா மதத்துக்காரங்களும் வந்து தேருக்கு உப்பும் நல்லமிளகும் போட்டுட்டு நிப்பாங்க, தேருக்குப் பின்னால கும்பிடு நமஸ்காரம் போடுறவங்க ஒரு பக்கம். இவன் அங்க போகுததுக்கு முன்ன நேரா பூசைக்குப் பேர் எழுதுற இடத்துக்குப் போனான். தம்பி பேர எழுதிக் குடுத்தான். இறந்தவங்களுக்கான பூசைக்கு. ஆறு வருசமா அதுல அந்தப் பேர குடுக்கவே மாட்டேன்னு நின்ன வீடு அது.

நீ சாமிய எப்ப நினைச்சீங்கன்னு கேட்டியே. பூசையில நான் நல்லாத்தான் கும்பிட்டேன், ஆனா எனக்கு அந்த ரெண்டு நாளையும் வெட்டிப் பிரிக்கத் தெரியல. அந்தப் பிள்ளை மேடையில சோறு பொங்கலேன்னா இவன் மாடியில பேசியிருக்க மாட்டான், பேசலேன்னா அந்தப் பேர் எழுதப்பட்டிருக்காது.

இனி கமிட்டி விஷயம். ஞாயித்துக்கிழமை ராத்திரி நான் பாத்தது தேவசகாயம் பிள்ளை நாடகம். நட்டாலத்துல 1712-ல பிறந்து, பத்மநாபபுரம் அரண்மனையில வேல பாத்து, கிறிஸ்தவ வேதத்துல சேந்ததுக்காக எருமையில பின்பக்கமா உக்கார வச்சு ஊர் ஊரா கொண்டுபோகப்பட்டு, 1752 ஜனவரி 14 ஆரல்வாய்மொழி காத்தாடிமலையில சுடப்பட்ட மனுசன். அடக்கம் பண்ணினது இதே கோட்டாறு கோயில்லதான். ரோம் அவர புனிதர்னு அறிவிச்சது 2022 மே 15. ஆனா அதுக்கு எவ்வளவோ முன்னாடியே நம்ம ஊர் மேடையில அவர் எருமையேறி வந்துட்டாரு, கிழவிமாரு கைகூப்பி அழுதுட்டாங்க. எழுத்து வாசிக்கத் தெரியாத எனக்க ஆச்சிக்கு அவரு கதை வசனத்தோட தெரியும், அது எந்தப் புத்தகத்துல இருந்தும் வரல, இந்த மணல்ல சாக்கு விரிச்சு உக்காந்து பாத்துப் பாத்து வந்தது.

அன்னைக்கு எருமைக்காட்சி நடக்கும்போது மழை பிடிச்சுது, டிசம்பர் மழை. ஜனம் போகல, சாக்கையும் பிளாஸ்டிக் நாற்காலியையும் தலைக்கு மேல பிடிச்சிட்டு நின்னாங்க. தேவசகாயமா நடிச்சவரு வள்ளத்துல போறவரு, நாடகம் ஏறுற வரைக்கும் ஒரு மாசம் மீன் தொடல, குடி தொடல. இதுக்குப் பேர் பக்தி இல்லேன்னா வேற எதுக்கு அந்தப் பேர வைக்கிறதுன்னு எனக்குத் தெரியல.

காலைப் பூசைக்கு ஆள் வராதுங்கிறது நியாயமான கவலைதான், இல்லேன்னு சொல்ல மாட்டேன். அதுக்கு நாடகத்த எட்டு மணிக்கே ஏத்தி பன்னெண்டுக்குள்ள முடிக்கலாம், நான் பாத்ததையும் அப்பிடித்தான் சுருக்கியிருந்தாங்க. மொத்தமா நிறுத்திட்டா வசனம் தெரிஞ்சவங்க ஒவ்வொருத்தரா போயிருவாங்க, பிறகு கமிட்டியே விரும்புனாலும் படிப்பிக்க ஆள் இருக்காது.

கிறிஸ்மஸுக்கு ஊருக்கு வருவதானே. உங்க ஊர் நாடக நோட்டு யாரு வீட்ல இருக்குன்னு பெரியவங்கட்ட கேளு, கண்டிப்பா எங்கயாவது பரண்ல கெடக்கும், கரையான் அரிக்கும் முன்ன போன்ல ஒவ்வொரு பக்கமா போட்டோ எடுத்து வையி. கமிட்டிக்காரங்கட்ட பேசப் போற அன்னைக்கு எனக்கு ஒரு போன் போடு, நானும் வாறேன்.

அன்புடன்,
அண்ணன்