அவர் கேட்ட ஒரு டம்ளர் தண்ணீர்

அன்புள்ள அம்மா,

என் கணவர் போன ஆடியில் இறந்துவிட்டார். கிட்னி ஃபெயிலியர். திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ். கூட இருந்து பார்த்தது நான் ஒருத்திதான். கொழுந்தனாரும் ஓரகத்தியும் அரை மணி நேர பஸ் தூரத்தில்தான் இருக்கிறார்கள், ஒரு நாள்கூட சென்டருக்கு வந்து எட்டிப் பார்த்ததில்லை. பணம் கேட்டதற்கு "பார்க்கலாம் மதினி" என்றார் கொழுந்தனார், அதோடு சரி. பதினாறாம் நாள் காரியத்துக்கு விருந்தாளி மாதிரி வந்து உட்கார்ந்தார்கள், ரசத்தில் உப்பில்லை என்று பேசியதை என் காதாலேயே கேட்டேன். மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். காரியம் முடிந்த கையோடு கிளம்பிவிட்டான், லீவு இல்லையாம். நான் இருந்த விரதத்துக்கெல்லாம் சாமி என்ன செய்தது? கோயில் பக்கமே இப்போது போவதில்லை.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, தண்ணீர் கேட்டார், அந்த நாள் அளவு முடிந்துவிட்டதால் நான் கொடுக்கவில்லை, அப்புறம் மூச்சு வாங்கியது, ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த நேரத்திலும் கொழுந்தனார் போன் ஸ்விட்ச் ஆஃப். இவர்களை எப்படி மன்னிப்பது? இப்போது மட்டும் ஓரகத்தி தினமும் போன் செய்கிறாள், நான் எடுப்பதில்லை. சாப்பாடு கொடுத்தனுப்பினாள், கேரியரைத் திறக்காமலே திருப்பி அனுப்பிவிட்டேன். "நடந்ததை ஏத்துக்கோ" என்கிறார்கள் எல்லோரும். எதை ஏற்றுக்கொள்வது? எனக்குத் தூக்கமே வருவதில்லை.

வாசகி, தூத்துக்குடி மாவட்டம்

அன்புச் சகோதரிக்கு,

கொழுந்தனார் பணம் தராதது, ரசம், லீவு எல்லாவற்றையும் விலாவாரியாக எழுதியிருக்கிறீர்கள். அவர் தண்ணீர் கேட்டதை மட்டும் அரை வரியில் சொல்லி, அடுத்த மூச்சிலேயே கொழுந்தனார் போனுக்குத் தாவிவிட்டீர்கள். உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அந்த அரை வரி என்றுதான் எனக்குப் படுகிறது. "கடைசியில் வாய்க்குத் தண்ணிகூடக் கொடுக்கலையே" என்பது நம் ஊரில் எவ்வளவு பெரிய பழி என்று எனக்கும் தெரியும். அதை யாரும் உங்களிடம் சொல்லவில்லை. உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்.

சிறுநீரகம் நின்றுபோனவர் உடம்பில் இறங்கும் தண்ணீருக்கு வெளியேற வழியில்லை, அடுத்த டயாலிசிஸ் வரை உள்ளேயேதான் தேங்கும், கூடினால் கால் வீங்கும், நுரையீரலில் கோத்துக்கொள்ளும், இதயம் திணறும். வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவில் வரும் அந்த நீண்ட இடைவெளியில்தான் ஆபத்து அதிகம் என்பது சிறுநீரக மருத்துவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அவர் இறந்த அந்த ஞாயிறு ராத்திரி அந்த இடைவெளியின் கடைசி. ஒரு டம்ளர் தண்ணீர் அவரைக் காப்பாற்றியிருக்காது. கொடுத்திருந்தீர்கள் என்றே வையுங்கள், "நான் கொடுத்த தண்ணீர்தான் மூச்சை அடைத்துவிட்டது" என்று இன்றைக்கு எனக்கு எழுதியிருப்பீர்கள். டம்ளர் டம்ளராக அளந்து கொடுத்து அத்தனை காலம் அவரை நடமாட வைத்ததும் நீங்கள்தான். அவர் கேட்டிருப்பார், கோபப்பட்டிருப்பார், நீங்களும் மனதைக் கல்லாக்கிக்கொண்டு மறுத்திருப்பீர்கள். உங்கள் வீட்டில் பாசம் இருந்தது அப்படித்தான். அன்று ராத்திரி சொன்ன "வேண்டாம்" அந்தப் பாசத்தைச் சேர்ந்ததுதான். எதை ஏற்றுக்கொள்வது என்று கேட்டீர்களே, இதைத்தான். அவர் இல்லை என்பதை ஏற்றுக்கொள்ள இன்னும் நாளாகும், தலைத் திவசம்கூட வரவில்லை, யாரும் அவசரப்படுத்த வேண்டியதில்லை.

ஓரகத்தி விஷயத்தில் நான் உங்கள் பக்கம் இல்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். வரவேண்டிய நேரத்தில் அவள் வரவில்லை, தப்புதான். ஆனால் இன்று தினமும் கூப்பிடுகிறாள், நீங்கள் எடுக்காவிட்டாலும் மறுநாள் திரும்பக் கூப்பிடுகிறாள். அந்தக் கேரியரைத் திருப்பி அனுப்பியதில் அவள் மேல் இருந்த கோபம் பாதிதான். கேட்டவருக்குத் தண்ணீர் கொடுக்காத எனக்கு யாரும் சோறு கொடுக்கக் கூடாது என்று நீங்களே உங்களுக்குப் போட்டுக்கொண்ட தண்டனை மீதி. இருண்ட காலத்தில் ஆறுதல் நாம் எதிர்பார்க்கிற ஆளிடமிருந்துதான் வரும் என்றில்லை, பல நேரம் நமக்குப் பிடிக்காத ஆள் கையில்தான் வருகிறது. அவளை மன்னிக்கச் சொல்லவில்லை. கொழுந்தனார் மேல் உள்ள கோபமும் நியாயமானதே, வைத்துக்கொள்ளுங்கள். மன்னிக்காமலே அவள் அனுப்பும் சோற்றைச் சாப்பிடலாம். கோயிலுக்கும் மனசு வந்தால் போங்கள், இல்லாவிட்டால் வேண்டாம்.

தூக்கமின்மைக்குக் கட்டாயம் டாக்டரைப் பாருங்கள். ராத்திரியில் தாங்க முடியாமல் போனால், முக்கியமாக வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால், 14416-க்குக் கூப்பிடுங்கள். டெலிமானஸ் என்ற அரசு உதவி எண், இலவசம், எந்நேரமும் தமிழில் பேசலாம்.

அப்புறம் உங்கள் மகன். கடைசி நேரத்தில் அப்பா பக்கத்தில் இல்லாமல், காரியம் முடிந்ததும் விமானம் ஏறிய பிள்ளை அங்கே நிம்மதியாக இருக்கிறான் என்றா நினைக்கிறீர்கள்? அந்த ராத்திரி என்ன நடந்தது என்று அவனிடம் முழுதாகச் சொல்லுங்கள், தண்ணீர் கேட்டதையும் சேர்த்து. அவன் அழட்டும், நீங்களும் அழுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்