தாத்தாவின் தொழிற்சங்கப் பெட்டியில் இருக்கும் நோட்டீஸ்கள், கணக்கு நோட்டுகள், கடிதங்களை எப்படிக் காப்பாற்றுவது?

கேள்வி: நெல்லை மாவட்டம் விக்கிரமசிங்கபுரம் வீட்டுப் பரணில் தாத்தாவின் டிரங்குப் பெட்டி கிடக்கிறது. உள்ளே மில் தொழிலாளர் சங்க நோட்டீஸ்கள், சந்தா ரசீதுகள், கம்யூனிஸ்ட் கட்சியின் ஜனசக்தி, பெரியாரின் குடி அரசு இதழ்கள், கடிதங்கள், சில படங்கள். கொஞ்சம் செல்லரித்துவிட்டது. எதை வைத்துக்கொள்வது, எப்படி ஸ்கேன் செய்வது, யாரிடம் கொடுப்பது?

பதில்:

பெட்டியைக் கீழே இறக்குங்கள். ஆனால் எதையும் இப்போதே வகை பிரிக்காதீர்கள். இதழ் ஒரு பக்கம், கடிதம் ஒரு பக்கம் என்று அடுக்கிவிட்டு, மிச்சமிருக்கும் ரசீதையும் துண்டுத்தாளையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடுவதுதான் பல வீடுகளில் நடக்கிறது. அத்தோடு பெட்டியின் பாதி மதிப்பு போய்விடும். தேதியில்லாத ஒரு நோட்டீஸ் எந்தக் கணக்கு நோட்டின் எந்தப் பக்கத்தில் செருகியிருந்தது என்பதே பல சமயம் அதன் காலத்துக்கு இருக்கும் ஒரே சான்று. அதனால் முதலில் மேலிருந்து கீழாக அடுக்கடுக்காகப் போனில் படம் எடுங்கள். கட்டு 1, கட்டு 2 என்று எண் கொடுங்கள். கட்டைப் பிரித்தால் உள்ளிருக்கும் தாள்களுக்கும் அதே வரிசையில் எண். எண்ணைத் தாளில் பேனாவால் எழுத வேண்டாம். பின்பக்க ஓரத்தில் மென்மையான பென்சிலால் லேசாக எழுதினால் போதும்.

எதை முதலில் காப்பாற்றுவது என்பதில் என் கருத்து உறுதியானது. குடி அரசு, ஜனசக்தி போன்ற அச்சு இதழ்களுக்கு வேறெங்காவது இன்னொரு பிரதி இருக்கும். உங்கள் சங்கத்தின் சந்தாப் புத்தகம், கூட்ட மினிட் நோட்டு, சைக்ளோஸ்டைல் சுற்றறிக்கை, 'வேலைநிறுத்த நிதி' என்று எழுதிய கணக்கு ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் உலகத்தில் வேறு பிரதி கிடையாது. வ.உ.சி. கைதை எதிர்த்து நடந்த 1908 மார்ச் 13 நெல்லை எழுச்சியைப் பற்றி நமக்கு மிஞ்சியதில் பெரும்பகுதி போலீஸ் அறிக்கையும் கோர்ட் தீர்ப்பும்தான். தெருவில் நின்றவர்கள் தங்கள் கைப்பட எழுதியது அரிது. அந்தக் குறையைக் கொஞ்சமாவது ஈடுகட்டக்கூடியவை இந்த ரசீதுகளும் நோட்டுகளும்.

அடுத்து பூச்சி. செல்லு பிடித்த கட்டை மற்றவற்றோடு சேர்க்காமல் தனியே வையுங்கள். காய்ந்த தாளாக இருந்தால் பாலித்தீன் பையில் போட்டுக் காற்றை வெளியேற்றி, வாயை நன்றாக ஒட்டி, வீட்டு ஃபிரிட்ஜின் ஃப்ரீசரில் குறைந்தது இரண்டு வாரம் வையுங்கள். முட்டை, புழு எல்லாம் செத்துவிடும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது. ஒரு முழு நாள் அப்படியே விட்டால் வியர்க்கும் ஈரம் பையின் வெளிப்புறத்தோடு நின்றுவிடும். அவசரப்பட்டுத் திறந்தால் அந்த ஈரம் தாளில் இறங்கும். புகைப்படங்களையும் நெகட்டிவ்களையும் ஃப்ரீசரில் வைக்காதீர்கள். பாச்சை உருண்டை வேண்டாம். அதன் நெடி மனிதருக்கும் கெடுதல், படங்களுக்கும் கெடுதல். வசம்பைத் துணியில் முடிந்து வைப்பது நல்ல பழக்கம்தான், ஆனால் அது புதுப் பூச்சியை அண்டவிடாது, உள்ளே இருப்பதைக் கொல்லாது.

வேலையைப் பிப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். பாபநாசம் மலையடிவாரத்தில் ஆனி ஆடிச் சாரலிலும் ஐப்பசி கார்த்திகை மழையிலும் காற்று ஈரம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடித்ததைத் தொடும்போது என்95 மாஸ்க் கட்டாயம்.

துருப்பிடித்த குண்டூசியை இழுக்காதீர்கள். தாளுக்கும் ஊசிக்கும் நடுவே மெல்லிய அட்டைத் துண்டைச் செருகி, கம்பியை நிமிர்த்தி, பிறகு உருவுங்கள். கிழிசலுக்கு செலோடேப் ஒட்டவே கூடாது. சில வருடங்களில் பசை பழுப்பாகித் தாளுக்குள் ஊறிவிடும், எடுக்க வழியில்லை. லேமினேஷனும் அப்படித்தான். மைதாப் பசை பூச்சிக்கு விருந்து. கிழிந்ததைக் கிழிந்தபடியே ஒரு உறைக்குள் வைப்பதே மேல். அமிலமில்லாத தாள் கிடைக்காவிட்டால் சாயமில்லாத காடாத் துணியில் சுற்றலாம், ஆனால் கஞ்சி முழுக்கப் போகும்படி இரண்டு மூன்று தடவை துவைத்த பிறகு. ஏட்டுச்சுவடியைச் சுற்றுகிற சிவப்புத் துணி நனைந்தால் சாயம் இறங்கும்.

பெட்டி தரையிலும் வேண்டாம், தகர ஓட்டுக்கு அடியில் பரணிலும் வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18இல் தாமிரபரணி ஏறி வந்ததைப் பார்த்த ஊர் நம்முடையது. இடுப்பு உயரத்துக்கு மேல், உள்சுவரை ஒட்டிய அலமாரிதான் சரி. ஒருவேளை நனைந்துவிட்டால் 48 மணி நேரத்துக்குள் ஏதாவது செய்தாக வேண்டும். ஈரக் கட்டைப் பக்கம் பக்கமாகப் பிரிக்க முயன்றால் கூழாகிவிடும், வெயிலில் போட்டால் சுருண்டுவிடும். அப்படியே பையில் போட்டு உறைய வைத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, அச்சில்லாத வெள்ளைத் தாள் இடையில் வைத்து, மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். ஊதா நிறக் காப்பியிங் பென்சிலில் எழுதியவை துளி ஈரத்திலும் கலைந்துவிடும். அவற்றுக்குத்தான் முதல் கவனம்.

ஸ்கேனர் இல்லாவிட்டால் நல்ல போன் போதும். மேலிருந்து நேர் கீழே பார்க்கும்படி ஸ்டாண்டில் பொருத்தி, தாளுக்கடியில் கறுப்புத் துணி விரித்து, இரண்டு பக்கமும் 45 டிகிரி சாய்வில் ஒரே மாதிரி இரண்டு விளக்கு. ஓரத்தில் ஒரு ஸ்கேல் தெரியட்டும். 'டாக்குமெண்ட் ஸ்கேன்' ஆப்கள் தாளைப் பளிச்சென்று கறுப்பு வெள்ளையாக்கிவிடும்; அதில் பென்சில் குறிப்பும் மங்கிய ரப்பர் ஸ்டாம்பும் மறைந்துபோகும். கலரில், முழு அளவில், வெற்றாகத் தெரியும் பின்பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். ஸ்கேனர் என்றால் 400 டிபிஐ. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள். மூன்று பிரதி வேண்டும், அதில் ஒன்று வேறு ஊரில். பெட்டியில் 1990களின் ஃபேக்ஸ் தாள், வீடியோ கேசட் ஏதாவது இருந்தால் வரிசையை மீறி அவற்றை முதலில் எடுங்கள். 1999 ஜூலை 23இல் தாமிரபரணிக் கரையில் 17 பேர் உயிரிழந்த மாஞ்சோலைத் தொழிலாளர் போராட்டக் காலத்து ஃபேக்ஸ் தாள் யார் வீட்டில் இருந்தாலும், இந்நேரம் எழுத்து மங்கத் தொடங்கியிருக்கும். 1930களின் அச்சுத்தாளைவிட அதற்கு ஆயுள் குறைவு.

நோட்டீஸ்களில் 'வருகிற ஞாயிறு மாலை 5 மணிக்கு' என்றுதான் இருக்கும், வருடம் இருக்காது. அதற்கும் வழி உண்டு. விலை அணாவில் இருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முந்தையது. 'நயா பைசா' என்றால் 1957க்கும் 1964க்கும் இடையில். ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பின். 'நெல்லை கட்டபொம்மன் மாவட்டம்' என்று போட்டிருந்தால் 1997க்குப் பிந்தையதாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. எழுத்தை வைத்துச் சொல்வதில் மட்டும் எச்சரிக்கை தேவை. ணை, லை, ளை, னை பழைய கொம்பு வடிவத்தில் இருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்த அரசாணைக்கு முந்தையது என்று முடிவு கட்டிவிடுவார்கள். சிறிய அச்சகங்கள் கையிலிருந்த ஈய எழுத்தைத் தேயும்வரை ஓட்டின. இன்னொரு பக்கம், பெரியாரின் பத்திரிகைகள் 1935 முதலே சீர்திருத்த எழுத்தில் வந்தன. அடியில் அச்சகத்தின் பெயரும் ஊரும் இருக்கிறதா பாருங்கள். அன்றிருந்த 1867 அச்சகச் சட்டப்படி அது இருந்தாக வேண்டும். இல்லையென்றால், தலைமறைவாக அச்சிட்டதாக இருக்கலாம். குறிப்பேட்டில் 'அச்சகப் பெயர் இல்லை' என்று தவறாமல் பதியுங்கள்.

எக்ஸெல் தாளில் எண், தேதி (யூகமென்றால் 'யூகம்' என்று), இடம், அச்சகம், அமைப்பு, முதல் வரி, இருக்கும் ஆட்களின் பெயர், தாளின் நிலை ஆகியவை போதும். தலைமறைவுக் காலக் கடிதங்களில் மாற்றுப் பெயர்கள் வரும்; அவற்றை அப்படியே எழுதி, உண்மைப் பெயரை இன்னொரு கட்டத்தில் போடுங்கள். படங்களில் இருப்பவர்களை அடையாளம் சொல்லக்கூடிய பெரியவர்கள் இருந்தால், மற்ற வேலையைத் தள்ளிவைத்துவிட்டு அவர்களிடம் போய்க் குரலைப் பதிவு செய்யுங்கள்.

பெட்டியில் இருப்பதன் மறுபாதி அரசு ஆவணத்தில் இருக்கும். சென்னை எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் வேலைநிறுத்தம், 144 தடை, பத்திரிகைத் தடை பற்றிய அரசாணைகள் உண்டு. பழைய ஆங்கில அட்டவணைகளில் 'திருநெல்வேலி' என்று தேடினால் ஒன்றும் வராது. டின்னவெல்லி, பாளம்கோட்டா, டூட்டிகொரின் என்ற வெள்ளைக்காரர் எழுத்துக்கூட்டலில் தேட வேண்டும். செங்கோட்டை ஆட்கள் சம்பந்தப்பட்டிருந்தால், 1949 வரை அது திருவிதாங்கூர், பிறகு 1956 நவம்பர் வரை திருவிதாங்கூர்-கொச்சி. ஆகவே திருவனந்தபுரம் காப்பகத்தையும் பாருங்கள். அச்சிதழ்களுக்குத் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகமும். இடதுசாரி ஆவணங்களுக்கு டெல்லி ஜேஎன்யூவின் பி.சி. ஜோஷி காப்பகம்.

இணையத்தில் போடுமுன் பெயர்களைப் பாருங்கள். உறுப்பினர் பட்டியல், யார் யாருக்கு அடைக்கலம் கொடுத்தார்கள், சாதி மோதலில் யார் மீது யார் புகார் எழுதினார்கள் என்பதெல்லாம் இன்றைக்கும் ஊரில் ஆளைச் சுடும். மூலத்தில் ஒரு எழுத்தையும் தொடாதீர்கள். பொதுப் பிரதியில் மட்டும் உயிரோடிருப்பவர்கள் பெயரை மறையுங்கள். காப்புரிமையும் உண்டு: கடிதத்தின் உரிமை அதைப் பெற்றவருக்கில்லை, எழுதியவருக்கு.

கொடுக்கும்போது வாய்ப்பேச்சோடு விடாதீர்கள். கட்டு எண்களோடு பட்டியல் இரண்டு பிரதி, இருவர் கையெழுத்து; தொகுப்பு ஒரே இடத்தில் சேர்ந்து இருக்குமா, உங்களுக்கு முழு ஸ்கேன் பிரதி தருவார்களா, ஊர்க்காரர் யார் கேட்டாலும் பார்க்க விடுவார்களா என்ற மூன்றும் எழுத்தில் வேண்டும். இதழ்களை மட்டும் எடுத்துக்கொள்கிறோம், ரசீதெல்லாம் வேண்டாம் என்று சொல்கிற இடத்துக்குப் பெட்டியைக் கொடுக்காதீர்கள்.