பத்திரத்தில் கையெழுத்திடும் முன்

கேள்வி: மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. என் கணவருக்கு வயது 40. ஏழு பேர் வேலை செய்யும் ஒரு நவீன அரிசி ஆலையில் நாளொன்றுக்கு 600 ரூபாய் கூலிக்கு, மாதம் 26 நாள் வேலை பார்த்து வந்தார். 2025 செப்டம்பரில், நெல்லை மேலே ஏற்றும் எலிவேட்டரின் அடியில் அடைத்துக்கொண்ட நெல்லைக் கையால் தள்ளியபோது பெல்ட் இழுத்துவிட, வலக்கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடியோடு போய்விட்டன. தஞ்சாவூரில் தனியார் மருத்துவமனைச் செலவு 80,000 ரூபாயை முதலாளியே கட்டினார். இப்போது, “மிஷினை நிறுத்தாமல் கையை விட்டது உன் கணவர் தப்பு, இருந்தாலும் மேற்கொண்டு ஒரு லட்சம் தருகிறேன், சம்பா நெல் வரத்து தொடங்குமுன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு முடித்துக்கொள்வோம்” என்கிறார். என் கொழுந்தனார் பார்த்த வழக்கறிஞர், வரும் தொகையில் நூற்றுக்கு முப்பது கேட்கிறார். என் மாமனார் காலத்திலிருந்து அந்தக் குடும்பத்தை நம்பிப் பிழைத்தவர்கள் நாங்கள். வழக்கறிஞர் வைப்பதா, கொடுப்பதை வாங்கிக்கொள்வதா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்களுக்கு வழக்கறிஞர் தேவை என்பதே என் முடிவு. ஆனால் முப்பது விழுக்காடு கேட்கும் அந்த வழக்கறிஞர் வேண்டாம். யார் சொன்னாலும் அந்தப் பத்திரத்தில் இப்போது கையெழுத்திட வேண்டாம்.

முதலில் உங்களுக்குச் சேர வேண்டியது எவ்வளவு என்று தெரிந்துகொள்ளுங்கள். அது தெரியாமல் ஒரு லட்சம் பெரிதா சிறிதா என்று யாராலும் சொல்ல முடியாது. பழைய இழப்பீட்டுச் சட்டத்துக்குப் பதிலாக, 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது. உங்கள் கணவருக்கு விபத்து நேர்ந்தது அதற்கு முன் என்பதால் 1923ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் கணக்கே அவருக்குப் பொருந்தும். மின்சாரத்தால் இயந்திரம் ஓடும் ஆலையில் அடிபட்டவர் என்பது போதும், அங்கே எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்பது இந்தச் சட்டத்துக்குப் பொருட்டல்ல. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்து, ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பதிவும் இருந்திருந்தால், நீங்கள் போக வேண்டிய இடம் ஈ.எஸ்.ஐ. அலுவலகமாக இருந்திருக்கும், இந்தச் சட்டத்தின்கீழ் இழப்பீடு கேட்க இயலாது.

கணக்கு இப்படி வரும். 26 நாளுக்கு 15,600 ரூபாய் கூலி என்றாலும், சட்டம் கணக்கில் எடுத்துக்கொள்ளும் மாதச் சம்பளத்தின் உச்சவரம்பு 15,000 ரூபாய். அதில் 60 விழுக்காடான 9,000 ரூபாயை, 40 வயதுக்குச் சட்ட அட்டவணை தரும் 184.17 என்ற எண்ணால் பெருக்கினால் 16,57,530 ரூபாய் வருகிறது. வேலை செய்யும் திறனை முழுவதுமாக இழந்தவருக்கு உரிய தொகை இது. ஒரு கையில் இரண்டு விரல்களை இழந்தால் அதே சட்டத்தின் இன்னோர் அட்டவணை 20 விழுக்காடு இழப்பு என்று வகுத்திருக்கிறது. ஆக, உங்கள் கணவருக்கு 3,31,506 ரூபாய் சேர வேண்டும். சேர வேண்டிய நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டியும், தாமதத்துக்குத் தக்க காரணம் இல்லையென்றால் தொகையில் பாதிவரை அபராதமும் விதிக்க இடமுண்டு. முதலாளி கட்டிய 80,000 ரூபாய் இந்தக் கணக்கில் கழியாது. சிகிச்சைச் செலவை ஏற்பது அவருடைய தனிக் கடமை, அதை இழப்பீடாகச் சட்டம் கருதுவதில்லை.

அடுத்து, “உன் கணவர் தப்பு” என்ற பேச்சு. இந்தப் பேச்சுக்குப் பயந்துதான் நம் பக்கத்தில் பலர் கொடுத்ததை வாங்கிக்கொண்டு ஒதுங்கிவிடுகிறார்கள் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். கவனக்குறைவால் அடிபட்டவருக்கும் இழப்பீடு உண்டு. குடிபோதையில் இருந்தாலோ, பாதுகாப்புக்காக வெளிப்படையாக இட்ட உத்தரவை வேண்டுமென்றே மீறினாலோ, பாதுகாப்புக் கவசத்தைத் தெரிந்தே கழற்றினாலோ மட்டுமே முதலாளி மறுக்க முடியும். மோட்டாரை நிறுத்தினால் பக்கெட்டுகளில் ஏறிக்கொண்டிருக்கும் நெல் சரிந்து அடியில் இன்னும் இறுக அடைத்துக்கொள்ளும் என்று, ஓட்டத்திலேயே கையை விட்டு அடைப்பெடுக்கும் பழக்கம் ஆலைகளில் உண்டு. உங்கள் கணவர் வேலை பார்த்த ஆலையிலும் அதுதான் அன்றாட வழக்கமாக இருந்ததா, முதலாளியோ கணக்குப்பிள்ளையோ அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்களா, அந்த அடிப்பெட்டிக்கு மூடி இருந்ததா என்பவற்றைக் கணவரிடம் கேட்டு, அவர் சொல்வதைத் தேதியோடு எழுதி வையுங்கள்.

வழக்கறிஞர் தேவை என்று நான் சொல்வதற்குக் காரணமும் இதுதான். வேலை, கூலி, காயம் ஆகிய மூன்றையும் முதலாளி ஒப்புக்கொண்டு முழுத்தொகையையும் தர முன்வந்திருந்தால், வழக்கறிஞரே இல்லாமல், இத்தகைய வழக்குகளை விசாரிக்கும் தொழிலாளர் துறை அதிகாரியான இழப்பீட்டு ஆணையரிடம் ஒப்பந்தத்தைப் பதிவு செய்து முடித்துக்கொள்ளலாம். அந்த ஆணையர் முன் தொழிலாளி தானாகவோ தொழிற்சங்க நிர்வாகி மூலமாகவோ முன்னிலையாகவும் சட்டம் இடமளிக்கிறது. உங்கள் முதலாளியோ இப்போதே தவறைக் கணவர் தலையில் போடுகிறார். நாளை ‘இவர் என் ஆளே இல்லை, மேஸ்திரி கூட்டிவந்தவர்’ என்றும் சொல்லக்கூடும். மேஸ்திரி மூலம் வந்தவருக்கும் ஆலை உரிமையாளரே பொறுப்பு என்று சட்டம் சொன்னாலும், அதைச் சாட்சியோடு நிறுவுவதும், வலக்கைப் பிடி போனவரால் இனி மூட்டை தூக்க முடியாது என்பதால் 20 விழுக்காட்டுக்கு மேல் கேட்க வழியுண்டா என்று பார்ப்பதும் பழகியவர் செய்ய வேண்டிய வேலைகள்.

ஆனால் வெற்றித் தொகையில் பங்கு பேசுவதை இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் நடத்தை விதிகள் வெளிப்படையாகத் தடுக்கின்றன. கை போனவரின் பணத்தில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டிக் கேட்பது எனக்குப் பெரும் வருத்தத்தைத் தருகிறது. நீங்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கோ, நீதிமன்ற வளாகத்தில் இயங்கும் வட்டச் சட்டப் பணிகள் குழுவுக்கோ செல்லுங்கள். 15100 என்ற எண்ணில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும், தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் வருமானம் பாராமல் கட்டணமின்றி வழக்கறிஞர் அமர்த்தித் தர வேண்டும். அமர்த்தப்பட்டவர் சரியாகக் கவனிக்கவில்லை என்றால் வேறொருவரைக் கேட்டு மனுக் கொடுக்கத் தயங்காதீர்கள். தனியாரிடம்தான் போவது என்று முடிவெடுத்தால், மொத்தக் கட்டணம் இவ்வளவு என்று முன்பே பேசி எழுதி வாங்குங்கள். இழப்பீடு கணவரின் வங்கிக் கணக்குக்கே வர வேண்டும். வெற்றுத்தாளிலோ வெற்றுக் காசோலையிலோ கையெழுத்துக் கொடுக்கக் கூடாது.

முதலாளி நீட்டும் பத்திரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் ஒப்பந்தம் இந்தச் சட்டத்தின் முன் செல்லாது. ஏற்கெனவே யாரேனும் கையெழுத்திட்டிருந்தாலும் மனம் தளர வேண்டியதில்லை. இருப்பினும் அந்தத் தாள் எதிர்த்தரப்பின் கையில் இருந்தால் ஒவ்வொரு விசாரணையிலும் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க நேரும். அவசரச் செலவுக்குப் பணம் தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். ‘சிகிச்சை, குடும்பச் செலவுக்காகப் பெற்றது’ என்று மட்டும் எழுதிக் கொடுங்கள்.

விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் இழப்பீட்டு மனு போய்ச் சேர வேண்டும் என்பதால் 2027 செப்டம்பர் வரை காலம் இருக்கிறது. சாட்சிகள் அதுவரை காத்திருக்க மாட்டார்கள். ஆலையில் உடன் இருந்தவர்களில் வடமாநிலத்தவர் இருந்தால், அரவை ஓய்ந்ததும் ஊருக்குப் போய்விடுவார்கள். அவர்களின் கைபேசி எண்ணையும் சொந்த ஊர் முகவரியையும் இந்த வாரமே வாங்கிவிடுங்கள். மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல், வீடு திரும்பும்போது தந்த சுருக்கம், கூலி குறித்த சிட்டைகள், கைபேசியில் பணம் வந்த பதிவுகள் ஆகியவற்றை நகலெடுத்து ஓர் உறையில் வையுங்கள். விபத்து நடந்த நாள், இடம், விதம் ஆகியவற்றைச் சொல்லும் ஓர் அறிவிப்பை ஒப்புகைச் சீட்டுடன் முதலாளிக்குத் தபாலில் அனுப்புங்கள்.

பகை வந்துவிடுமோ என்ற உங்கள் கலக்கம் எனக்குப் புரிகிறது. ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சுகிற ஊரில் அது சின்ன விஷயம் அல்ல. முதலாளியிடம் உங்கள் மாமனாரையே அனுப்பி ஒன்றைக் கேட்கச் சொல்லுங்கள்: ஆலைக்குத் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு எடுத்திருக்கிறாரா? எடுத்திருந்தால் தொகையைக் காப்பீட்டு நிறுவனமே தர வேண்டியிருக்கும். அவர் கைப்பணத்தில் கை வைக்காமலே உங்கள் கணவர் தமக்கு உரியதைப் பெறலாம். அவர் செய்ய வேண்டியதெல்லாம் விபத்தை மறைக்காமல் நிறுவனத்துக்குத் தெரிவிப்பதுதான். காப்பீடு இல்லை என்றாலோ, பதில் சொல்லாமல் நாளைக் கடத்தினாலோ, உறவைக் கருதி நீங்கள் மேலும் காத்திருக்க வேண்டியதில்லை. சட்டப் பணிகள் குழுவின் வழக்கறிஞரைக் கொண்டு மனுவைத் தாக்கல் செய்துவிடுங்கள்.