லீஸ் முடியப்போகிறது, தரையில் எண்ணெய்: என்ன செய்வது?

கேள்வி: சிங்கப்பூரின் சுங்கை காடூட்டில் லாரிப் பட்டறை வைத்திருக்கிறேன். லீஸை ஆறு ஆண்டுக்கு முன் இன்னொருவரிடமிருந்து வாங்கினேன். அடுத்த ஆண்டு முடிகிறது. மண்ணைச் சோதித்து ஈபிஎஸ் (EBS, மண்ணும் நிலத்தடி நீரும் எந்த நிலையில் இருக்கின்றன என்று பதிவு செய்யும் ஆய்வு) அறிக்கை கொடுக்கச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. சோதனை, சுத்தம் எல்லாம் ஒரே பேக்கேஜில் முடித்து 'கிளீன் ரிப்போர்ட்' வாங்கித் தருவதாக ஒரு தரகர் சொல்கிறார். சரிதானா?

பதில்: வேண்டாம். அழுக்கு எவ்வளவு என்று அளப்பவரும் அதை அள்ளக் காசு வாங்குபவரும் ஒரே ஆளாக இருக்கவே கூடாது.

முதலில், லீஸ் தொடங்கியபோது எடுத்த பழைய ஈபிஎஸ் அறிக்கையைத் தேடுங்கள். அன்று மண்ணும் நிலத்தடி நீரும் இருந்த நிலையோடுதான் இப்போதைய நிலையை ஒப்பிடுவார்கள். நீங்கள் லீஸைக் கைமாற்றி வாங்கியவர் என்பதால், பத்திரத்தில் எழுதியிருப்பதைப் பொறுத்து, பழைய ஆள் கொட்டிய எண்ணெயும் உங்கள் தலையில் விழலாம். வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.

சோதனைக்கு மண் எடுக்கத் துளை போடும் நாளில் கூடவே நில்லுங்கள். வாசல் பக்கம் நாலு துளை போட்டுவிட்டுப் போகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வண்டிக்கு அடியில் இறங்கும் பள்ளம், கழிவு எண்ணெய் டிரம் வைத்த மூலை, டீசல் தொட்டி, இங்கெல்லாம் துளை விழ வேண்டும். மண்ணைக் கண்ணாடி ஜாடியில் அடைத்து ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும், பிளாஸ்டிக் பையில் போட்டால் பெட்ரோல் வகை எண்ணெய் ஆவியாகிப் போய்விடும், அறிக்கை சுத்தமாக வரும். லேபுக்கு சிங்லாஸ் (SINGLAS, சிங்கப்பூரில் ஆய்வுக்கூடங்களுக்குத் தரும் தர அங்கீகாரம்) அங்கீகாரம் இருக்கிறதா, அதுவும் இந்தச் சோதனைக்கே இருக்கிறதா என்று கேளுங்கள்.

இன்னொன்று, இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மண்ணில் இருக்கும் எண்ணெய்க்கு எல்லை ஒரு கிலோ உலர்ந்த மண்ணுக்கு 5,000 மில்லிகிராம் என்பார்கள். அது டச்சு அளவு, 10 விழுக்காடு மக்கு (மண்ணில் மக்கிக் கலந்த செடிகொடிப் பொருள்) உள்ள மண்ணுக்கானது. மக்கு 5 விழுக்காடு என்றால் எல்லை 2,500, 2 விழுக்காடு என்றால் 1,000. மணல் கொட்டி நிரப்பிய தரையில் மக்கு மிகக் குறைவு, அங்கே 1,800 வந்தால் அது 'கிளீன்' இல்லை. பழைய சதுப்புநிலக் கறுப்பு மண்ணில் மக்கு 10ஐத் தாண்டினால் எல்லையும் மேலே போகும், அப்போதும் 5,000 என்ற எண்ணையே காட்டி, வெட்டத் தேவையில்லாத மண்ணை வெட்டிக் காசு பிடுங்குவார்கள். அதனால் மக்கு அளவையும் சோதிக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.

ஜூரோங்கில் தொழிற்பேட்டை தொடங்கி அறுபது ஆண்டு தாண்டிவிட்டது, இன்னும் நம் மண்ணை நெதர்லாந்து எண்ணால்தான் அளக்கிறோம். சின்னப் பட்டறைக்காரருக்குப் புரிகிற மாதிரி நாலு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தால் இந்தத் தரகர்களுக்கு ஏது வேலை?

கெட்ட மண்ணை அள்ள வேண்டி வந்தால், தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் நச்சுக் கழிவு உரிமம் உள்ளவரிடம் மட்டும் கொடுங்கள், எங்கே கொண்டுபோனார் என்ற தாளை வாங்கி வையுங்கள். சுத்தம் செய்து மறுபடி சோதிக்க மாதக்கணக்கில் ஆகலாம், அதனால் துளை போடும் வேலையை இந்த ஆண்டே முடித்துவிடுங்கள்.