வீணைப் பிரடை நழுவினால் கிட்டார் கீ மாட்டலாமா?

மாட்டலாம். பிரடை என்பது தந்தியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் மர முளை; கிட்டார் கீ அதே வேலையைப் பல்சக்கரத்தால் செய்யும் திருகி. ஆனால் பஞ்சமத் (‘ப’ சுரத்) தந்தியின் பிரடை ஒன்று நழுவுகிறது என்பதற்காக, உங்கள் தாத்தா காலத்து ஏகாண்ட (ஒரே மரத்தில் குடைந்த) வீணையில் ஏழு பிரடைகளையும் கழற்றாதீர்கள்.

ஆனி, ஆடியில் நம் நெல்லைச் சீமையில் அடிக்கும் வறண்ட காற்றில் மரம் சுருங்கும். பிரடை துளையைப் பற்றாது. பெரும்பாலும் இதுதான் காரணம். ஐப்பசி மழையில் அதே பிரடை திருகவே முடியாமல் இறுகிக்கொள்ளும்.

1. தந்தியைத் தளர்த்திப் பிரடையை உருவி, அதன் மேல் சாக்பீஸ் தேய்த்துத் துளையில் செருகித் திருகுங்கள்.

2. வெளியே எடுத்துப் பாருங்கள். துளை பற்றும் இடங்களில் சாக்பீஸ் சுற்றிலும் சீராக மழுங்கியிருந்தால் பொருத்தம் சரி. அந்தப் பொடியே பிடிமானம் தரும். இனி உள்நோக்கி அழுத்தியபடி திருகுங்கள். ஒரு பக்கம் மட்டும் மழுங்கியிருந்தால் துளையோ பிரடையோ கோணிவிட்டது. வீணை செய்யும் ஆசாரியிடம் கொடுத்துப் புதுப் பிரடை கடைந்து பொருத்துங்கள்.

நுண்சுருதிக்குத்தான் கீ வேண்டுமென்றால், அதற்கு, தந்திகளின் அடிமுனையைக் கட்டும் நாகபாசத்தருகே, சுருதியை நுட்பமாகச் சேர்க்கும் லங்கர் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை: பிரடைத் துளை ஒருபுறம் குறுகிச் செல்வது. கீயின் தண்டுக்கு நேர்த்துளை போட வேண்டும். போட்டபின் பழைய பிரடைக்குத் திரும்புவது மிகக் கடினம்.